பிரான்சைஸ் உணவகம் எடுக்கிறீர்களா? வட்டாரப் பிரிவை முதலில் படியுங்கள்

பிரான்சைஸ் உணவகத்தில் பணம் போடுகிறவர்கள் முன்பணத்துக்கும் ராயல்டிக்கும் (விற்பனையில் பிராண்டுக்குக் கொடுக்கும் பங்கு) நன்றாகப் பேரம் பேசுவார்கள். எந்தப் பகுதி உங்களுக்கு என்று சொல்லும் வட்டாரப் பிரிவை மட்டும் வந்தபடியே ஏற்றுக்கொள்வார்கள். விளம்பரத் தாளில் 'பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க உங்களுக்கே' என்று இருக்கும். அதை நம்பிக் கையெழுத்து விழுந்துவிடும். ஒரு வருடம் கழித்து அதே பெயர்ப்பலகை பக்கத்து மாலில் ஏறும். அப்போது ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தால், தாய் நிறுவனம் அப்படிச் செய்யலாம் என்று நீங்களே ஒத்துக்கொண்ட வரி அதில் இருக்கும்.

கோலாலம்பூரில் முதல் பிரான்சைஸ் கடை போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பிராண்டைக் கையில் வைத்திருப்பவரைத் தாய் நிறுவனம் என்றும், கடையை எடுப்பவரை நீங்கள் என்றும் குறிப்பிடுகிறோம்.

கணக்கு எங்கே இடிக்கிறது

தாய் நிறுவனத்துக்கு வருமானம் விற்பனையிலிருந்து வருகிறது. உங்களுக்கு மிச்சமாவது லாபம். இந்த வித்தியாசம்தான் எல்லாத் தகராறுக்கும் வேர். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

உங்கள் கடையின் மாத விற்பனை 90,000 ரிங்கிட். மளிகை, காய்கறி, இறைச்சிக்கு 36 விழுக்காடு, ராயல்டி 6, விளம்பர நிதி 2, பொட்டலம், கார்டு கட்டணம் 3 என விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு 47 விழுக்காடு. மீதி 47,700 ரிங்கிட். வாடகை 12,000, சம்பளம் 22,000, மின்சாரம், தண்ணீர், எரிவாயு 5,000, கடன் தவணை 4,000 ஆக 43,000 ரிங்கிட் போனால் கையில் நிற்பது 4,700.

பக்கத்தில் இன்னொரு கிளை திறந்து உங்கள் விற்பனையில் 15 விழுக்காட்டை இழுத்துக்கொண்டது என்று வையுங்கள். விற்பனை 76,500 ஆகிறது. 53 விழுக்காடு மீதம் என்றால் 40,545. வாடகையும் சம்பளமும் குறையாது. மாதம் 2,455 ரிங்கிட் நட்டம்.

அந்தப் பக்கம் பாருங்கள். முன்பு உங்களிடமிருந்து வந்த ராயல்டி 5,400. புதுக் கிளை 80,000 விற்றால் இரண்டு கடையிலிருந்தும் சேர்த்து 9,390 வருகிறது. உங்கள் கடை நட்டத்தில் ஓடும் அதே மாதத்தில் தாய் நிறுவனத்தின் வருமானம் முக்கால் பங்கு கூடியிருக்கிறது. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யத் தேவையில்லை. கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. அதனால் வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்தில் வாங்க வேண்டும்.

படி 1: நிறுவனம் பதிவானதா?

மலேசியாவில் இந்தத் தொழிலை 1998-ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டம், அதாவது சட்டம் 590, கட்டுப்படுத்துகிறது. 6-ஆம் பிரிவின்படி தாய் நிறுவனம் பதிவதிகாரியிடம் பதிந்த பிறகே பிரான்சைஸ் விற்க முன்வரலாம். மீறும் நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கே 250,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பதிவு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் நடக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அமைச்சிடம் சரிபாருங்கள்.

'இது பிரான்சைஸ் இல்லை, லைசென்ஸ்தான், பதிவெல்லாம் வேண்டாம்' என்று சொன்னால் உஷாராகுங்கள். பெயரைப் பயன்படுத்த விட்டு, தன் முறைப்படி நடத்தச் சொல்லி, தொடர்ந்து கட்டுப்படுத்தி, அதற்குக் காசும் வாங்கினால், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது பிரான்சைஸாகவே பார்க்கப்படக்கூடும்.

வணிகச் சின்னம் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறதா என்று, சின்னங்களைப் பதியும் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவின் இணையத் தேடலில் பாருங்கள். உணவக சேவைக்கு உரிய வகுப்பு 43. சின்னம் உரிமையாளரின் சொந்தப் பெயரிலோ வேறொரு நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால், அதை உங்களுக்குக் கொடுக்க இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். நிறுவனத்தின் கணக்கையும் இயக்குநர் பட்டியலையும் நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் சிறு கட்டணத்தில் எடுக்கலாம்.

படி 2: பத்து நாளை வீணாக்காதீர்கள்

15-ஆம் பிரிவின்படி, ஒப்பந்த நகலும் தகவல் வெளிப்படுத்தும் ஆவணமும் நீங்கள் கையெழுத்திடுவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் உங்கள் கைக்கு வர வேண்டும். 'இந்த வாரம் முடித்தால் முன்பணத்தில் தள்ளுபடி' என்று அவசரப்படுத்தினால், அந்தத் தள்ளுபடி உங்கள் 10 நாளுக்குக் கொடுக்கும் விலை. கையெழுத்துக்கு முன்னரே பணம் கேட்டால், அது எதற்கு, எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 19-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

இந்த 10 நாளில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஏற்கெனவே கடை நடத்தும் மூன்று நான்கு பேரைத் தேடிப் போய்ப் பாருங்கள். 'லாபமா?' என்று கேட்காதீர்கள், யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். 'உங்களுக்கு அடுத்த கிளை எப்போது திறந்தது? முன்கூட்டியே சொன்னார்களா?' என்று கேளுங்கள். கடையை மூடிவிட்டுப் போனவர் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 3: ஒதுக்கி வைத்த உரிமைகள்

ஒப்பந்தத்தைப் பின்னாலிருந்து படிப்பதுபோலத் தோன்றினாலும், வட்டாரம் என்ற தலைப்புக்கு முன்பு, தாய் நிறுவனம் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கும் உரிமைகளைப் படியுங்கள். 'வெளிப்படையாகக் கொடுக்கப்படாத எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொடர்ந்து ஒரு பட்டியல் வரும். வரைபடத்தில் உங்களுக்குக் கொடுத்ததிலிருந்து அந்தப் பட்டியலைக் கழித்தால் மிஞ்சுவதே உங்கள் வட்டாரம்.

பட்டியலில் வழக்கமாக வருபவற்றில் முதலாவது சிறப்பு இடங்கள்: மால், ரயில் நிலையம், விமான நிலையம், மருத்துவமனை, பல்கலைக்கழகம், பெட்ரோல் நிலையம், நெடுஞ்சாலை ஓய்விடம். காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் வைத்துப் பாருங்கள். ஜாலான் துன் சம்பந்தன் கடைவீடு ஒன்றில் நீங்கள் கடை போட்டு, '50470 அஞ்சல் குறியீடு முழுக்கத் தனியுரிமை, மாலும் போக்குவரத்து நிலையமும் நீங்கலாக' என்று எழுதி வாங்கியிருக்கிறீர்கள் (தனியுரிமை என்றால் அந்தப் பகுதியில் வேறு கிளை வராது). நு சென்ட்ரல் மாலின் முகவரியும் ஜாலான் துன் சம்பந்தன்தான், குறியீடும் 50470தான். அதை ஒட்டியே கேஎல் சென்ட்ரல். மதியச் சாப்பாட்டுக்கு வரும் அலுவலகக் கூட்டம் அந்தப் பக்கம் இருக்கிறது. அந்த ஒரு விலக்கு உங்கள் வட்டாரத்தின் சத்தை உறிஞ்சிவிடும். மிச்சம் இருப்பது குறியீட்டு எண் மட்டும்.

அடுத்தது டெலிவரி. கிராப்ஃபூட், ஃபூட்பாண்டா, ஷாப்பிஃபூட் செயலிகளில் உங்கள் கடை எதுவரை தெரியும் என்பதைச் செயலி தீர்மானிக்கிறது. ஒப்பந்த வரைபடம் அங்கே செல்லாது. பங்சாரில் திறக்கும் கிளை உங்கள் தெருவிலுள்ள அடுக்குமாடிக்கு அரை மணியில் சாப்பாடு அனுப்பும். இதைவிடச் சிக்கலானது உட்கார இடமே இல்லாத டெலிவரி சமையலறை. 'உணவகம் திறக்கமாட்டோம்' என்று மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால், டெலிவரி சமையலறை உணவகமா என்பதிலேயே வழக்கு நடக்கும். 'எந்த வகையான விற்பனை நிலையமோ, சமையலறையோ, டெலிவரி மையமோ' என்று விரித்து எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கடைக்கு வெளியே விற்பனை. உங்கள் கடையில் 18 ரிங்கிட்டுக்கு விற்கும் மட்டன் வறுவலை உறைபதனப் பொட்டலமாக்கிப் பேரங்காடியில் 12 ரிங்கிட்டுக்கு வைத்தால், அதுவும் போட்டிதான். இதை முழுக்கத் தடுப்பது கஷ்டம். பிராண்டு பரவுவதில் உங்களுக்கும் கொஞ்சம் ஆதாயம் உண்டு. உங்கள் கடையின் முதல் ஐந்து விற்பனைப் பண்டங்களை மட்டும் பெயர் சொல்லி விலக்கக் கேளுங்கள். அந்த அளவுக்குப் பல நிறுவனங்கள் இறங்கி வரும்.

நான்காவது, வேறு பெயரில் அதே சமையல். தாய் நிறுவனம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஒரு பிராண்டும், பிரியாணிக்கு ஒரு பிராண்டும் வைத்திருக்கலாம். நாளைக்குப் போட்டி நிறுவனத்தையே வாங்கலாம். வட்டாரப் பிரிவு 'இந்தச் சின்னத்தின் கீழ்' என்று மட்டும் பேசினால், வேறு சின்னத்தின் கீழ் உங்கள் எதிரிலேயே கடை போடலாம். 'இந்தச் சின்னத்திலோ, பெரும்பாலும் இதே உணவுப் பட்டியல் கொண்ட வேறு சின்னத்திலோ' என்று சேர்க்க வேண்டும்.

படி 4: எல்லையை அளப்பது

அஞ்சல் குறியீடு, ஆரம், வரைபடம், வெறும் கடை முகவரி என்று நான்கு வழியில் வட்டாரத்தை எழுதுவார்கள்.

வெறும் முகவரி என்றால் வட்டாரமே இல்லை. பக்கத்துக் கதவில் இன்னொரு கிளை வரலாம். முன்பணம் குறைவாக இருக்கும் பிராண்டுகளில் இது சகஜம். தெரிந்தே எடுத்தால் தவறில்லை, ஆனால் அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

ஆரம் என்றால் பரப்பளவு வேகமாக ஏறும். 1 கிலோமீட்டர் ஆரத்துக்கு 3.14 சதுரக் கிலோமீட்டர். 2 கிலோமீட்டருக்கு 12.57. அதனால் 2 கிலோமீட்டர் கேட்டால் தாய் நிறுவனம் தயங்கும். இன்னொரு பக்கம், கோலாலம்பூரில் நேர்கோட்டுத் தூரத்துக்குப் பெரிய அர்த்தமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மிட் வேலி நேர்கோட்டில் சுமார் 2 கிலோமீட்டர்தான். நடுவே ரயில் பாதையும் ஆறும் பெருஞ்சாலையும் குறுக்கிடுகின்றன; நடந்து யாரும் சாப்பிட வரமாட்டார்கள். ஆனால் கேடிஎம் ரயிலில் அது கேஎல் சென்ட்ரலுக்கு அடுத்த நிலையம். பங்சார் எல்ஆர்டியில் அடுத்த நிலையம். உங்கள் வாடிக்கையாளர் எதில் ஏறி வருகிறார் என்று தெரிந்தால்தான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியும்.

சிறந்த வழி தெருப் பெயர் சொல்லி எல்லை வகுத்த வரைபடத்தை இணைப்பாகச் சேர்த்து இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இடுவது. எல்லைத் தெருவின் எதிர்ப்பக்கக் கடை வரிசை உள்ளே வருமா, வெளியே போகுமா என்பதையும் எழுதுங்கள். 'சாலை நடுக்கோடு வரை' என்று விட்டால் எதிர்ச்சாரியில் கிளை வரும். ஆரமே கொடுப்பார்கள் என்றால், அளவு எங்கிருந்து தொடங்குகிறது, நேர்கோடா சாலைத் தூரமா, நீங்கள் கடை மாற்றினால் ஆரமும் கூட வருமா என்று மூன்றையும் பதியுங்கள்.

படி 5: சட்டம் தருவதும் தராததும்

18-ஆம் பிரிவு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது; உங்களுக்குக் கொடுக்கும் வட்டார உரிமையும் அதில் இடம்பெற வேண்டிய விவரங்களில் ஒன்று. பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வட்டார உரிமையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். அது தனியுரிமையாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. 'தனியுரிமை ஏதும் இல்லை' என்று எழுதினாலும் அந்த விவரம் சொல்லப்பட்டுவிட்டது.

உங்களுக்கு உதவுவது 20-ஆம் பிரிவு. ராயல்டி, சரக்கு விலை, வாடகை, விளம்பரச் சேவை போன்றவற்றில், ஒருவருக்கொருவர் போட்டியில் இருக்கும் கடைக்காரர்களிடையே நியாயமில்லாமல் பாகுபாடு காட்டி ஒருவருக்குப் பாதிப்பு ஏற்படுத்தக்கூடாது. பக்கத்தில் வந்த கிளைக்குத் தாய் நிறுவனம் மசாலாக் கலவையைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது என்றால் இந்தப் பிரிவைப் பிடிக்கலாம். 29-ஆம் பிரிவு இரு தரப்பும் நேர்மையாக நடக்க வேண்டும் என்கிறது. ஆனால் எழுதப்படாத வட்டாரத்தை நேர்மை என்ற பெயரில் நீதிமன்றத்தில் மீட்டெடுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அமெரிக்காவில் பர்கர் கிங் கிளைக்காரர்கள் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் இரண்டு மைல் தள்ளி நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கிளை வந்த வழக்கில், தனியுரிமை இல்லாவிட்டாலும் நிறுவனம் இஷ்டப்படி நடக்கமுடியாது என்று 1991-இல் ஒரு நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் பேசியது. 1999-இல் மோன்டானா கடைக்காரர் ஒருவர் அதே வாதத்தை வைத்தபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கேயே இந்த நிலை என்றால், காகிதத்தில் வாங்குவதே மலிவு.

சட்டம் உங்களைக் கட்டும் இடமும் உண்டு. 27-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக் காலத்திலும் அது முடிந்த பிறகு 2 ஆண்டுக்கும் இதே போன்ற தொழிலை நடத்தமாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களை மட்டுமல்ல, நிறுவன இயக்குநர்கள், அவர்களின் துணைவர், நெருங்கிய குடும்பத்தார், பணியாளர்கள் எல்லாரையும் அது கட்டும், மீறுவது குற்றம். நம் குடும்பங்களில் இது லேசான விஷயமில்லை. அப்பா செந்தூலில் முப்பது வருடமாக உணவகம் நடத்துகிறார், மகள் பிரான்சைஸ் எடுக்க இயக்குநராகப் பெயர் கொடுக்கிறாள் என்றால், அப்பாவின் கடையைப் பெயர், முகவரியோடு ஒப்பந்தத்தில் விதிவிலக்காக முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

படி 6: பேரம் பேச வேண்டியவை

முழுத் தனியுரிமை கிடைக்காத இடத்திலும் வாங்கக்கூடியவை இருக்கின்றன.

முதல் வாய்ப்பு உரிமை: வட்டாரத்திலோ அதன் விளிம்பிலோ புதுக் கிளை போடுவதென்றால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும். 30 நாள் அவகாசம் கேளுங்கள். 7 நாளில் எந்த வங்கியும் பதில் சொல்லாது. இதைத் தட்டிக்கழிக்க ஒரு பழைய வழி உண்டு. ஒரு கிளையாகக் கொடுக்காமல் நான்கு கிளைப் பொட்டலமாக நீட்டுவார்கள். நீங்கள் முடியாது என்றதும் வேறொருவருக்கு ஒரே கிளையைக் கொடுப்பார்கள். 'ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக, மூன்றாம் நபருக்குக் கொடுக்கும் அதே நிபந்தனையில்' என்ற சொற்கள் இருக்கட்டும்.

விற்பனைப் பாதிப்புக்கு ஈடு: புதுக் கிளை திறந்த 12 வாரத்தில் உங்கள் விற்பனை முந்தைய ஆண்டின் அதே 12 வாரத்தைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், அடுத்த 12 மாதம் ராயல்டி பாதி என்பது போல ஒரு சூத்திரம். எண் பேரத்தில் மாறலாம்; சூத்திரம் இருப்பதுதான் முக்கியம். தாய் நிறுவனத்துக்கும் அப்போது இடம் தேர்வு செய்யும்போதே ஒரு கவனம் வரும். நோன்பு மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், அந்த வாரங்களை ஒப்பிடும்போது சரிசெய்ய ஒரு வரி சேருங்கள். தைப்பூசம், தீபாவளி வாரத்துக்கும் அப்படியே.

தனியுரிமையோடு கூட வரும் இலக்குகளைக் கவனியுங்கள். '24 மாதத்தில் இரண்டாவது கடை, ஆண்டு விற்பனை 10 லட்சம் ரிங்கிட்' என்று இருக்கும். தவறினால் என்ன ஆகும் என்பது அதைவிட முக்கியம். தனியுரிமை மட்டும் போகலாம், ஒப்பந்தமே ரத்தாகக்கூடாது. சாலை வேலை, வெள்ளம், 2020 மார்ச்சில் வந்த நடமாட்டக் கட்டுப்பாடு போன்ற காலத்தை இலக்குக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும்.

ராயல்டி எதன்மேல் என்பதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். டெலிவரியில் 30 ரிங்கிட் ஆர்டருக்கு செயலி 30 விழுக்காடு எடுத்தால் உங்களுக்கு வருவது 21. ராயல்டியும் விளம்பர நிதியும் சேர்ந்து 8 விழுக்காட்டை 30-இன் மேல் போட்டால் 2.40, 21-இன் மேல் போட்டால் 1.68. மாதம் 1,500 ஆர்டர் என்றால் வித்தியாசம் 1,080 ரிங்கிட். சேவை வரியும் விற்பனைக் கணக்கில் சேரக்கூடாது. அது அரசாங்கத்தின் பணம்.

படி 7: கடைக்காரர்களுக்குள் பேசி வைக்காதீர்கள்

ஒரே பிராண்டின் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருப்பார்கள். கோழி எங்கே மலிவு என்று பேசுவதில் பிரச்சினையில்லை. 'நீ கெப்போங் பக்கம் வராதே, நான் செந்தூல் பக்கம் வரமாட்டேன்' என்றோ, 'எல்லாரும் ஒன்றாம் தேதி முதல் பிரியாணியை இரண்டு ரிங்கிட் ஏற்றுவோம்' என்றோ பேசி முடிவெடுத்தால் அது 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் விழும். நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தனித் தொழில். ஒரே பெயர்ப்பலகை உங்களைக் காப்பாற்றாது. சிறிய கடை என்பதும் பதிலாகாது. கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயாவில் 20-க்கும் மேற்பட்ட ஐஸ் உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு பை ஐஸுக்கு 50 சென் ஏற்ற முடிவெடுத்ததற்கு 2015-இல் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது.

தாய் நிறுவனம் உங்களுக்கு வட்டாரம் பிரித்துக் கொடுப்பது வேறு வகை. அது மேலிருந்து கீழ் வரும் ஒப்பந்தம், சந்தைப் பங்கு சிறியதாக இருந்தால் ஆணையம் பொதுவாகப் பெரிதுபடுத்தாது. ஆனால் 'இந்த விலைக்குக் கீழே விற்கவே கூடாது' என்ற கட்டளையை ஆணையத்தின் வழிகாட்டிகள் கடுமையாகப் பார்க்கின்றன. பரிந்துரை விலை, அதிகபட்ச விலை என்று மாற்றச் சொல்லுங்கள்.

படி 8: வாடகையும் வட்டாரமும்

பிரான்சைஸ் காலம் 5 ஆண்டுக்குக் குறையக்கூடாது என்கிறது 25-ஆம் பிரிவு. கடைவீட்டு வாடகையோ பெரும்பாலும் 3 ஆண்டு. அதற்கு மேல் போனால் நிலச் சட்டப்படி குத்தகையாகப் பதிய வேண்டியிருக்கும் என்பதால் வீட்டுக்காரர்கள் 3-இல் நிறுத்துவார்கள். நான்காம் ஆண்டில் வாடகை ஏற, கடை மாற்ற வேண்டி வந்தால் உங்கள் வட்டாரம் அந்தப் பழைய முகவரியோடு போய்விடுமா? புதுப்பிக்கும் உரிமையோடு '3+3' வாங்குங்கள். பிரான்சைஸ் ஒப்பந்தத்தில், வட்டாரத்துக்குள் கடை மாற்ற 90 நாள் அவகாசமும், அந்த இடைவெளியில் வேறு யாருக்கும் கிளை கொடுக்கக்கூடாது என்ற வரியும் இருக்கட்டும்.

படி 9: கையெழுத்தும் அதன் பிறகும்

கையெழுத்துக்குப் பிறகு குறைந்தது 7 வேலை நாள் மறுபரிசீலனைக் காலம் உண்டு. அதற்குள் விலகினால், ஒப்பந்தம் தயாரித்த நியாயமான செலவு போக முன்பணம் திரும்ப வர வேண்டும். உள்ளூர் பிராண்டு என்றால் 14 நாளுக்குள் உங்கள் பதிவையும் பதிவதிகாரியிடம் செய்யுங்கள். இதை நீங்கள்தான் செய்ய வேண்டும், பலர் மறந்துபோகிறார்கள். வெளிநாட்டு பிராண்டை நேரடியாக எடுத்தால் தொழில் தொடங்குவதற்கு முன்பே பதிய வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி 30 நாளுக்குள் கட்டுங்கள். தகராறு வந்தால் முத்திரையில்லாத காகிதத்தை நீதிமன்றம் அப்படியே ஏற்காது.

கடை திறந்த முதல் நாளிலிருந்து மூன்று எண்களை வாரம்தோறும் எழுதி வையுங்கள்: ரசீது எண்ணிக்கை, சராசரி ரசீதுத் தொகை, டெலிவரி ஆர்டர்கள் எந்தக் குடியிருப்புகளுக்குப் போகின்றன. புதுக் கிளை வந்து விற்பனை சரிந்தால் இவைதான் சாட்சி. ரசீது எண்ணிக்கை குறைந்து சராசரித் தொகை அப்படியே இருந்தால் வாடிக்கையாளர் வேறு இடம் போகிறார்கள். எண்ணிக்கை அப்படியே இருந்து தொகை குறைந்தால் பிரச்சினை உங்கள் உணவுப் பட்டியலிலோ விலையிலோ இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வட்டாரச் சண்டைக்குப் போனால் முதல் கூட்டத்திலேயே தோற்பீர்கள்.

வட்டாரம் மீறப்பட்டது என்று உறுதியானால், கோபத்தில் ராயல்டியை நிறுத்திவிடாதீர்கள். இது அடிக்கடி நடக்கும், கடையைப் பறிகொடுக்கும் வழியும் இதுதான். ராயல்டி கட்டாதது உங்கள் பக்க மீறல். குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பி, சரிசெய்யாவிட்டால் 31-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை முடிக்கத் தாய் நிறுவனத்துக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். 'எதிர்ப்புடன் கட்டுகிறேன்' என்று கடிதம் வைத்துப் பணத்தைக் கட்டுங்கள், வழக்கறிஞர் மூலம் மீறல் அறிவிப்பைத் தனியாக அனுப்புங்கள்.

படி 10: முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள்

நீட்டிப்பு வேண்டுமென்றால், காலம் முடிய 6 மாதத்துக்குக் குறையாமல் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். நீங்கள் ஒப்பந்தத்தை மீறாதவரை தாய் நிறுவனம் நீட்டிக்க வேண்டும். 34-ஆம் பிரிவின்படி புது நிபந்தனைகள் பழையதைவிடச் சாதகம் குறைந்ததாக இருக்கக்கூடாது. 'புதுப்பிப்பில் எங்களுடைய அன்றைய மாதிரி ஒப்பந்தமே பொருந்தும்' என்று சொல்லி வட்டாரத்தைச் சுருக்கப் பார்த்தால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

தாய் நிறுவனம் நீட்டிக்க மறுத்தால் 32-ஆம் பிரிவு பேசும். முடிவதற்கு 6 மாதம் முன்பு எழுத்தில் சொல்லாமல் விட்டாலோ, அதே பகுதியில் வேறு பெயரில் அதே தொழிலைத் தொடர உங்களை விடாமல் தடுத்தாலோ, தொழிலின் மதிப்புக் குறைவுக்கு ஈடு தராமல் மறுப்பது குற்றம். ஐந்து வருடம் அந்தத் தெருவில் வாடிக்கையாளரைச் சேர்த்தது நீங்கள் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளும் இடம் இதுதான்.

2026 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கும் ஐந்தாண்டு ஒப்பந்தம் 2031 பிப்ரவரி 28-இல் முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் 2030 ஆகஸ்ட் 28-க்குள் போய்ச் சேர வேண்டும். ஜூலை முதல் வாரத்திலேயே பதிவுத் தபாலில் ஒன்றும், நேரில் கொண்டுபோய் ஒன்றுமாகக் கொடுங்கள். நேரில் கொடுக்கும் கடிதத்தின் நகலில் பெற்றவரின் பெயர், தேதி, நிறுவன முத்திரை மூன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.